யாதவிக்கு ஒரு கத்தி

சிவகலா மரக்கறி வெட்டுவது நிலவறையில்தான். ஓல்டனில் ரயில் பாதைக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே மரச்சட்டங்களால் அடைத்த ஒரு சிறிய அறை இருந்தது. கெல்லர் என்பார்கள். மற்றவர்கள் அதற்குள் குளிர்கால டயரும் பனிச்சறுக்குப் பலகையும் வைன் போத்தல்களும் வைத்திருந்தார்கள். சிவகலாவின் கெல்லரில் ஒரு பழைய மேசையும், வெட்டும் பலகையும், வீட்டுக் கத்திகள் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டிய ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்ததும் வெங்காயம், கத்தரிக்காய், கோழி என்று அன்றைக்கு வேண்டியதைக் கூடையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். அங்கே விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். முழங்கையால் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி வெட்டுவாள். வெட்டியதை மூடிபோட்ட சட்டியில் மேலே கொண்டுவருவாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை அவளைப் படியில் மறித்து, சமையலறையில் ஏதாவது திருத்த வேலை நடக்கிறதா என்று கேட்டாள். வெங்காய மணம் பிள்ளைக்கு ஒத்துவராது என்று சிவகலா சொல்லிவிட்டாள்.

அவளுடைய கணவன் சச்சிதானந்தன் மார்ச் மாதத்திலிருந்து மனநல மருத்துவமனையில் இருந்தான். அதற்கு முதல் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வருத்தம் எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் நண்பர்கள் கூப்பிட்டால் போகாமல் விட்டான். பிறகு வேலைக்குப் போகாமல் விட்டான். பிறகு கட்டிலை விட்டு எழும்புவதே பெரிய காரியமாகிவிட்டது. மருத்துவர் ஊரில் நடந்த போரைப் பற்றிக் கேட்டபோது, தன்னைவிடக் கூடக் கண்டவர்கள் இங்கே கடை நடத்துகிறார்கள், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவன் திருப்பிக் கேட்டான்.

மார்ச்சில் ஒரு காலை அவன் தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்தான். சிவகலா வேலைக்குப் போகும் வழியில், இல்லத்தின் கதவுத் திறப்பை மறந்துவிட்டது நினைவு வந்து வீட்டுக்குத் திரும்பியதால்தான் அவன் பிழைத்தான். யாதவி அன்று காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாமல் தன் அறையில் படுத்திருந்தாள். அம்புலன்ஸ் வருவதற்குள் சிவகலா செய்த முதல் வேலை அந்த அறைக் கதவைச் சாத்தியதுதான். பிள்ளை நித்திரை என்றே நினைத்தாள். அப்பாவுக்கு வயிற்றில் வருத்தம், கன நாள் மருந்து செய்ய வேண்டும் என்று பிறகு சொல்லிவைத்தாள்.

கோடை தொடங்கியபோது அவனை வார இறுதிகளில் வீட்டுக்கு விட்டார்கள். அப்போதுதான் கத்திகள் கீழே போயின. திங்கட்கிழமை மேலே கொண்டுவந்து வெள்ளிக்கிழமை கீழே கொண்டுபோகலாம்தான். ஆனால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை ஒன்று மறந்துபோகும் என்று அவள் பயந்தாள். அவன் வருவதற்கு முதலே எல்லாவற்றையும் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவாள். அவன் சோபாவில் இருப்பான். கேட்டால் பதில் சொல்வான். தட்டை நீட்டினால் சாப்பிடுவான். சமையலறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவன் பார்த்ததேயில்லை.

யாதவிக்கு எட்டு வயது. ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து வியாழக்கிழமை காலைகளில் அவளுடைய வகுப்பு காட்டுக்குப் போனது. அங்கே தடி சீவுவார்கள், நெருப்பு மூட்டி அந்தத் தடியில் சொசேஜ் குத்திச் சுடுவார்கள். இந்த நாட்டில் அந்த வயதில் பிள்ளைக்கு ஒரு மடக்குக் கத்தி, சாக்மெசர், வாங்கிக் கொடுப்பது சைக்கிள் வாங்கிக் கொடுப்பது மாதிரி ஒரு சாதாரண விஷயம். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை புர்க்கி, விருப்பமானவர்கள் கொடுத்து அனுப்பலாம் என்று சொன்னபோது சிவகலா கடைசி வரிசையில் இருந்து தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து யாதவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

யாதவி அம்மாவிடம் கேட்கவும் இல்லை. ஒருநாள் பின்னேரம் தகப்பனுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவனிடம்தான் கேட்டாள்.

"வகுப்பிலை எல்லாருக்கும் சாக்மெசர் இருக்கு. நான் மட்டும் ஃப்ராவ் புர்க்கியின்ரையை வாங்கித்தான் வெட்டுறன். அப்பா, நீங்கள் எனக்கு ஒண்டு வாங்கித் தாறீங்களோ?"

கைத்தொலைபேசி மேசையில் ஒலிபெருக்கியில் இருந்தது.  மறுபக்கத்தில் இருந்து அவன் சொன்னான்.

"ஓம், வாங்கித் தாறன். நானே பார்த்துத்தான் எடுக்க வேணும். கண்டதையும் வாங்கக் கூடாது."

தேய்த்துக்கொண்டிருந்த கோப்பையைப் பிடித்தபடி சிவகலா அப்படியே நின்றாள். ஏழு மாதமாக அந்த மனிதன் ஒன்றைக்கூட வேண்டும் என்று சொன்னதில்லை. தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டால் ஏதாவது என்பான். இப்போது ஒன்றை விரும்புகிறான், அது கத்தியாக இருக்கிறது.

அடுத்த நாள் அவனாகவே அழைத்தான். பிள்ளையின் கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றிவர பென்சிலால் கீறிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். பிடி பெரிதாக இருந்தால் விரல் சறுக்கும், சின்னதாக இருந்தால் இறுக்கிப் பிடித்துக் கை நோகும் என்றான். இவ்வளவு நீளமாக அவன் கதைத்துக் கேட்டே கனகாலம். சிவகலா படத்தை அனுப்பிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்தாள். அவனைப் பார்க்கும் தாதி நல்ல பெண். அவன் ஒன்றை விரும்புவது நல்ல அறிகுறி என்று சொன்னாள். தனியாகக் கடைக்கு விட வேண்டாம், வாங்கியதை அவனுடைய கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். வாங்குவதா வேண்டாமா என்று கேட்டதற்கு, அவரை உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும், நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றாள். சிவகலாவுக்கு அழுகை வந்தது. தனக்குத் தெரியாது என்பதால்தானே அழைத்தாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் பழைய நகரத்தில் இருக்கும் கத்திக் கடைக்குப் போனார்கள். சச்சிதானந்தன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். மருந்துக் குளிசைகளால் அவனுடைய கை மெல்ல நடுங்கும். அன்றும் நடுங்கியது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சிறுவர்களுக்கானவற்றை ஒரு துணியின் மேல் பரப்பினார். சச்சிதானந்தன் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தான். நுனி கூராக இருந்தவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டான். விரித்த பிறகு அலகு தானாக மடங்காமல் பூட்டிக்கொள்ளும் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். அதை யாதவியிடம் கொடுத்து மடக்கச் சொன்னான். அவளுடைய பெருவிரலுக்குப் பூட்டை அமத்தப் பலம் போதவில்லை. அதையும் ஒதுக்கினான். பிடியில் பத்துச் சாமான் மடிந்திருந்த தடித்த கத்தி ஒன்றில் யாதவிக்கு ஆசை. அது பாரம், ஒரு அலகும் ஒரு சின்ன வாளும் போதும் என்று பொறுமையாகச் சொன்னான்.

மிஞ்சியது மூன்று. "கண்ணை மூடிக்கொண்டு பிடி, பிள்ளை," என்றான். "எது கையிலை இருக்கிற மாதிரியே தெரியேல்லையோ, அதுதான் உன்ரை."

யாதவி கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து நடுவில் இருந்ததைச் சொன்னாள். அது சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் இருந்தது. அவள் சிவப்பை எடுத்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"இப்ப இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளும்தானே. விழுந்தாத் தேடி எடுக்கேலாது. நீலத்தை எடு. காட்டிலை நீல இலை இல்லை."

கடைக்காரருக்கு அதை யாதவி ஜெர்மனில் சொன்னாள். இத்தனை வருடம் கத்தி விற்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை என்று அவர் சிரித்தார். சச்சிதானந்தனும் சிரித்தான். பிறகு அவன் அலகை விரித்து, கூர் எப்படி என்று பெருவிரலைக் குறுக்காக வைத்துப் பார்த்தான்.  சிவகலா கத்தியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள். பிள்ளைக்குச் சாமான் வாங்கும் ஒரு தகப்பனின் முகம் அது. வேறெதுவும் அதில் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அவளால் தேடாமல் இருக்க முடியவில்லை.

பெயர் பொறிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார் கடைக்காரர். அதுவரை மூவரும் ஆற்றங்கரையில் சுட்ட மரோனிக் கொட்டை வாங்கித் தின்றார்கள். அவன் தோலை உரித்து உரித்து யாதவியின் கையில் போட்டான். நத்தார் பண்டிகைக்குப் பிறகு அரை நாள் வேலைக்குப் போகலாமா என்று டொக்டரிடம் கேட்கப் போகிறேன் என்றான். மரப்பாலத்துக்குக் கீழே ஆறு நிறைந்து ஓடியது. சிவகலா அந்த நேரத்தில் எதையும் யோசிக்காமல் இருந்தாள். பின்னர் பல நாள் அந்த நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் யாதவி தகப்பனைப் பல்கனிக்கு இழுத்துப்போனாள். பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவந்த தடி ஒன்று அவளிடம் இருந்தது. இருந்துகொண்டுதான் சீவ வேண்டும், நடக்கும்போது மூடியிருக்க வேண்டும், கையை நீட்டினால் ஒருத்தரும் முட்டக் கூடாது என்று புர்க்கி சொன்ன விதிகளைத் தகப்பனுக்கு ஒப்புவித்தாள். அவன் கையை நீட்டிப் பார்த்துத் தன் கதிரையைப் பின்னுக்கு நகர்த்தினான். மாறி மாறிச் சீவினார்கள். பட்டை சுருள் சுருளாக விழுந்தது. சிவகலா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

யாதவி கத்தியைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். அவன் தனியாக இருந்து சீவினான். சிவகலா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், மகளின் கதிரையில் இருந்தாள். ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. தடியை அவளுடைய மூக்குக்குக் கிட்ட நீட்டி, "மணந்து பார். பச்சை மணம்," என்றான். அவள் மணந்தாள். அவளுக்கு ஒரு மணமும் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியதும் கத்தியைத் தா, வைக்க வேண்டும் என்று யாதவியிடம் கேட்டாள். யாதவி மடக்கிக் கொடுத்தாள். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தன் அறைக்குப் போனாள். சிவகலா கூடையை எடுத்துக்கொண்டு கெல்லருக்கு இறங்கி, கத்தியைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். போனதோடு போனதாக இரவுச் சம்பலுக்கு வெங்காயத்தையும் வெட்டிக்கொண்டாள். மேலே வந்தபோது அவன் நடையில் நின்றான்.

"எங்கை வைச்சனி?" என்று கேட்டான்.

"ஏன் கேக்கிறியள்?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே கேட்டது. அது ஒரு மனைவியின் குரல் இல்லை. முதியோர் இல்லத்தில், மருந்து அலமாரியைத் திறக்க வரும் மறதிக் கிழவர்களை மறிக்கும்போது வரும் குரல்.

"பிள்ளை நாளைக்கு எழும்பினவுடனை கேப்பாள். எடுத்துக் குடுக்கத்தான்," என்றான் அவன்.

"கேட்டா நான் எடுத்துக் குடுக்கிறன்."

அவன் அவள் கையில் இருந்த சட்டியைப் பார்த்தான். மூடி கொஞ்சம் விலகியிருந்தது, வெட்டிய வெங்காயம் தெரிந்தது. சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான். கரண்டிகளும் முள்ளுகளும் இருந்தன. அடுத்ததைத் திறந்தான். அதில் துடைக்கும் துணிகள்.

"வீட்டிலை ஒரு கத்தியும் இல்லையோ?"

"கெல்லரிலை இருக்கு."

"எப்ப இருந்து?"

"நீங்கள் வீட்டை வந்துபோகத் தொடங்கினதிலை இருந்து."

"அப்ப மரக்கறி?"

"அங்கைதான் வெட்டுறனான்."

அவன் இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடினான். கதிரையில் இருந்தான். 

"கடையிலை நான் ஒண்டும் நினைக்கேல்லை, கலா. சத்தியமா நினைக்கேல்லை. பிள்ளையின்ரை கையை மட்டும்தான் நினைச்சனான். நீ இப்ப கேட்டாப் பிறகுதான்…"

 சிவகலா சட்டியை வைத்துவிட்டு அவனுடைய கையைப் பிடித்தாள். தான் பிழையான நினைப்பில் கேட்கவில்லை, வேலைக் களைப்பில் அப்படி வந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நீ பிழையாக் கேக்கேல்லை," என்றான். "நீ கேட்டது சரி. அதுதான் பிரச்சினை."

இரவு அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான். சம்பல் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். யாதவியின் அறைக் கதவு நீக்கலாகவே இருந்தது. மறுநாள் பின்னேரம் போக வேண்டியவன், காலையிலேயே போகிறேன் என்றான். ரயில் மேடையில் மகளின் தலையைத் தடவி, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சீவ வேண்டும் என்று சொன்னான். தெரியும் அப்பா என்றாள் அவள். சிவகலாவுக்கு அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் நேற்றுக் கேட்டதை இன்னும் ஒருமுறை கேட்டது மாதிரித்தான் ஆகும் என்று பட்டது. ரயில் வந்தது. ஏறிப் போனான்.

அடுத்த வார இறுதிக்கு அவன் வரவில்லை. களைப்பு என்றான். அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு மருத்துவமனையில் ஒரு கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குத் திரும்புவதற்குப் பதிலாக, சோலோதூர்ன் பக்கம் மலையடிவாரத்தில், தன்னைப்போன்றவர்கள் தாதிகளின் கவனிப்பில் சேர்ந்து வாழும் விடுதி ஒன்றுக்குப் போக அவன் விருப்பம் தெரிவித்திருந்தான். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்து எடுத்த முடிவு, பொறுப்பான முடிவு என்று மருத்துவர் பாராட்டினார். சிவகலா கூட்டம் முடிந்து அவனைத் தாழ்வாரத்தில் மறித்தாள்.

"ஏன் இப்பிடிச் செய்யிறியள்? எங்களை விட்டிட்டு ஏன் போறியள்?"

"நான் வந்தா நீ கீழை போய் வெட்ட வேணும். வராட்டி மேலை இருந்து சமைப்பாய். அவ்வளவுதான், கலா."

"எனக்குக் கீழை போறது கஷ்டமில்லை."

"எனக்குக் கஷ்டம்," என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள், இரண்டு பேரும் சண்டை பிடித்து அழுது வீட்டுக்கு வந்திருக்கலாம்.

அவன் விடுதிக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியை மேலே கொண்டுவந்து, கத்திகளைக் கழுவித் துடைத்து இழுப்பறையில் அடுக்கினாள். யாதவியின் நீலக் கத்தியைப் பிள்ளையின் மேசையில் வைத்தாள். சமைக்கத் தொடங்கினாள். யன்னலால் வெளிச்சம் வந்தது. வெட்டிக்கொண்டே நினைத்தாள்: அன்று அவன் எங்கே என்று கேட்டவுடன் 'கெல்லரிலை வைச்சனான்' என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் அவன் இப்போது சோபாவில் இருந்திருப்பான். உடனே இன்னொரு நினைவும் வந்தது: எதையும் கேட்காமல் விட்டிருந்து, இரவு நாங்கள் நித்திரையான பிறகு அவன் கீழே போயிருந்தால்? இரண்டு நினைவும் ஒன்றையொன்று விடவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் விடவில்லை. வேலையில் கிழவிகளைக் குளிப்பாட்டும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் ஒன்று வரும், பின்னாலேயே மற்றதும் வரும்.

சில நாளில் நீலக் கத்தி மேசையில் இல்லாததைக் கண்டு கேட்டாள். புர்க்கியிடம் இருக்கிறது என்றாள் யாதவி. அது பள்ளிக்கூட விதியாக்கும் என்று சிவகலா விட்டுவிட்டாள்.

நவம்பரில் பெற்றோர் தனித்தனியாக ஆசிரியையைச் சந்திக்கும் நாள் வந்தது. கணக்கு, வாசிப்பு எல்லாவற்றையும் கதைத்து முடித்த பிறகு, புர்க்கி அலமாரியில் இருந்து நீலக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்டாள். கத்தியை எப்போதும் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்கும்படி யாதவிதான் கேட்டாளாம். காட்டுக்குப் போகும் நாட்களிலும் அவள் தடி சீவுவதில்லை. கத்தியை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பாளாம். ஏன் என்று கேட்டதற்கு, அப்பா காரணமாக இதை வீட்டில் வைக்க முடியாது என்று மட்டும் சொன்னாளாம்.

சிவகலா நன்றி சொல்லிவிட்டு எழும்பினாள். யாதவி வெளியே தாழ்வாரத்தில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். மழை தூறியது.

"அப்பாவைப் பற்றி ஃப்ராவ் புர்க்கியிட்டை என்ன சொன்னனி?"

"பெரிசா ஒண்டும் சொல்லேல்லை." யாதவி பேருந்து வரும் பக்கம் பார்த்தாள். "அப்பாவுக்கு வயித்து வருத்தம் இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் அண்டைக்கு வீட்டிலைதானே இருந்தனான், அம்மா. நீங்கள் கதவைச் சாத்தேக்கை நான் முழிச்சுத்தான் கிடந்தனான்."

சிவகலா நிறுத்தத்தின் நனைந்திருந்த மரவாங்கில் இருந்துவிட்டாள். இத்தனை மாதம் அந்தக் கதவைச் சாத்தியதை மட்டும்தான் தான் சரியாகச் செய்த காரியம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ அப்பாவிட்டைக் கத்தி கேட்டனி?"

"நீங்கள் அப்பாவுக்குச் சுகம் வருது, சுகம் வருது எண்டு சொன்னனீங்கள். உண்மையாச் சுகமெண்டா வாங்க விடுவீங்கள்தானே. அதுதான் கேட்டுப் பார்த்தனான்." யாதவி சட்டைத் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "நீங்கள் விட்டீங்கள். எனக்குச் சரியான சந்தோசம். பிறகு கீழை கொண்டுபோனீங்கள். நான் யன்னலாலை கெல்லர் லைட் எரியிறதைப் பார்த்தனான். அப்ப தெரிஞ்சுது."

அப்பாவுக்குச் சுகம் வரும் என்று சொல்லச் சிவகலா வாயைத் திறந்தாள். அதே வசனம்தான். இத்தனை நாளும் சொன்ன அதே வசனம். வாயை மூடிக்கொண்டு மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்தாள். யாதவி அணைக்க விட்டாள். ஆனால் அழவில்லை. பேருந்து வந்ததும், அம்மா எழும்புங்கோ, வந்திட்டுது என்று அவள்தான் சொன்னாள்.

டிசம்பரில் விடுதிக்குப் போனார்கள். ஓல்டனில் ரயில் ஏறி, இறங்கி, பேருந்தில் மேலே போக வேண்டும். பெரிய வெள்ளைக் கட்டிடம். சச்சிதானந்தன் கீழே உணவறைக்கு வந்தான். மெலிந்திருந்தான், ஆனால் துப்புரவாக இருந்தான். சிவகலா கொண்டுபோன கட்லட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவன் ஒன்றை முள்ளால் பிய்த்துத் தின்றான். பள்ளிக்கூடம் எப்படி என்று மகளைக் கேட்டான். நல்லது என்றாள். காட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டான். போகிறோம், இப்போது பனி என்றாள். இருவரும் அதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு சீட்டு விளையாடினார்கள். அவன் நல்ல சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கூடாத சீட்டைப் போடுவதைச் சிவகலா கண்டாள். மகளை வெல்ல விடுவதற்காக. சற்று நேரத்தில் யாதவியும் அதையே செய்வதைக் கண்டாள். தகப்பனை வெல்ல விடுவதற்காக. ஆட்டம் முடிகிறதாக இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமல், மரியாதையாக, இரண்டு பேரும் தோற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சிவகலாதான் சீட்டுகளைக் கூட்டி எடுத்தாள்.

நிறுத்தம்வரை வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. குளிர், போட்டிருக்கிற சப்பாத்து வழுக்கும் என்றான். வாசலில் நின்று, போயிட்டு வாங்கோ என்றான். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

நிறுத்தத்தில் இருந்து பார்த்தால் கட்டிடம் முழுவதும் தெரிந்தது. எல்லா யன்னல்களிலும் ஒரே மாதிரியான திரைச்சீலை. அப்பாவின் அறை எது என்று யாதவி கேட்டாள். சிவகலாவுக்குத் தெரியவில்லை. விடுதிக்காரர்கள் மேலே போக விடவில்லை, அவளும் கேட்டு வைக்கவில்லை. யாதவி கையை உயர்த்தி கீழ் வரிசையில் இருந்து ஒவ்வொரு யன்னலாகப் பார்த்து ஆட்டினாள். ஒரு திரையும் அசையவில்லை. பேருந்து வளைவில் வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்த பிறகும் மேல் வரிசையில் கொஞ்ச யன்னல் மிச்சம் இருந்தது. சாரதி காத்திருந்தார். சிவகலா மகளின் தோளைத் தொட்டு ஏற்றினாள்.